பழைய வேலையை ஏன் விட்டாய்?

வேலைக்கு மனுப்போட்டு, நேர்முகப் பரீட்சைக்குப் போய் உட்காருகிற ஒருவர் முன்பே எங்கேயாவது வேலை பார்த்தவராயிருந்தால், அவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பழைய வேலையை ஏன் விட்டாய்?" என்பதே அது. கேட்கிறவர் மரியாதை தெரிந்தவரானால் "விட்டீர்கள்" என்பார். மற்றபடி கேள்வி ஒன்றுதான். இதைக் கேட்டவுடன் நம் வாலிபர்களில் பெரும்பாலோருக்கு முகம் மாறிவிடுகின்றது. திருடி அகப்பட்டுக் கொண்டவன்போல் சிலர் தலையைக் குனிகிறார்கள். சிலர் பழைய முதலாளியைத் திட்டித் தீர்க்கிறார்கள். சிலர் யாரோ சொல்லிக் கொடுத்த பொய்யை ஒப்பிக்கிறார்கள். மற்றுஞ் சிலரோ, "எல்லாம் என் நேரம், சார்" என்று சொல்லிவிட்டு முகட்டைப் பார்க்கிறார்கள்.

சமீபத்தில் திருப்பூரிலிருந்து ஒரு தோழர் நம்மைப் பார்க்க வந்தார். ஒரு பனியன் கம்பெனியில் நான்கு வருஷம் கணக்கு எழுதினவர். அங்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கி நின்றுபோகவே, வேறு வழியின்றி விலகினார். மற்றொரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போன இடத்தில் மேற்படி கேள்வி வந்தது. உள்ளதைச் சொன்னால் 'சம்பளத்துக்குச் சண்டை போடுகிறவன்' என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, "முன்னேற்றத்துக்காக விட்டேன்" என்றாராம். கேட்டவர் சும்மா விடவில்லை. "அங்கே வாங்கினதைவிட இங்கே ஆயிரம் ரூபாய் குறைவாயிற்றே! இதில் என்ன முன்னேற்றம் கண்டீர்?" என்று மடக்கினார். நமது தோழருக்கு வாய் அடைத்துப் போயிற்று. வேலையும் கிடைக்கவில்லை.

"மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, ஆகையால் விட்டேன்." ஆறு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய சங்கதி இது. சம்பளத்தைக் காலாகாலத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று இந்த நாட்டில் 1936-லேயே சட்டம் செய்தாய்விட்டது. அப்படியிருக்க, கூலி கொடுக்காதவன் வெட்கப்பட வேண்டிய விஷயத்தில் கூலி கிடைக்காதவன் வெட்கப்பட்டான் என்றால், இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் விசாரித்துப் பார்க்க வேண்டாமா?

சாதாரணமாக நம் நாட்டில் ஒருவன் ஒரு வேலையை விட்டுவிட்டான் என்றால், ஊரார் முதலில் கேட்பது "என்ன தப்பு செய்தான்?" என்பதேயாகும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று ஒரு பழமொழியையும் கையில் வைத்திருக்கிறார்கள். முதலாளி உப்பிட்டாராம், இவன் அதைத் தின்றுவிட்டு ஓடினானாம். நாம் கேட்கின்றோம்: அந்த உப்பை அவர் சும்மா இட்டாரா? காலை ஒன்பது மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவன், தன் உடம்பையும் புத்தியையும் நாளையும் விற்கிறான். முதலாளி அதை வாங்குகிறார், விலை கொடுக்கிறார். சந்தையில் ஒரு கடையில் கத்தரிக்காய் வாங்கி வந்தவன், அடுத்த வாரம் வேறு கடைக்குப் போனால், அவனைத் 'துரோகி' என்று யாராவது சொல்லுகிறார்களா? முதலாளி ஆளை வேண்டாமென்று நிறுத்தினால் அதற்கு 'நிர்வாகம்' என்று பெயர். ஆள் முதலாளியை வேண்டாமென்று விலகினால் மாத்திரம் அதற்கு 'நன்றி கெட்டதனம்' என்று பெயர் வருவானேன்?

இந்த நினைப்பு வெறும் பழமொழியோடு நின்றுவிடவும் இல்லை. பல நூறு வருஷங்களாகச் சட்டமாகவே இருந்து வந்திருக்கின்றது. இங்கிலாந்தில் 1348-ம் வருஷத்தில் பிளேக் நோய் வந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாய்ச் செத்த பிறகு, மிஞ்சிய கூலிக்காரர்கள் அதிகக் கூலி கேட்கவும் இடம் மாறவும் தொடங்கினார்கள். ஆள்கிறவர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1349-ல் அரசன் கட்டளையாகவும், 1351-ல் பார்லிமெண்டின் சட்டமாகவும், நோய்க்கு முன் இருந்த கூலிக்கு மேல் யாரும் கேட்கக் கூடாது என்றும், ஒப்புக்கொண்ட தவணை முடியுமுன் எஜமானை விட்டுப் போகிறவனுக்கு ஜெயில் என்றும் ஏற்பாடு செய்தார்கள்.

அதே புத்தி கப்பலேறி இங்கும் வந்தது. 1859-ல் பிரிட்டிஷ் சர்க்கார் இந்த நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போய்விட்டால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று உத்தரவாகும். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரையில் கடுங்காவல். முதலாளி பேசிய கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றினால் அவருக்கு அந்தச் சட்டத்தில் ஜெயில் உண்டா என்று பார்த்தால், கிடையாது! இந்த அழகான சட்டம் ரத்தானது 1925-ல்தான்.

இலங்கைத் தோட்டங்களுக்கு நம் ஜில்லாக்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் கதை இதைவிடத் தெளிவானது. அங்கே அவர்கள் கங்காணியின் கீழ் கடனாளிகளாகவே இருந்தார்கள். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போவதானால் 'துண்டு' என்ற ஒரு சீட்டு வேண்டும். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பதுதான் அந்தத் துண்டு. புதிய துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக் கொள்வார். ஆளோடு கடனும் புதுத் தோட்டத்துக்குக் குடிபோகும். "பழைய தோட்டத்தை ஏன் விட்டாய்?" என்று அங்கே அந்தக் கூலியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மாட்டைச் சந்தையில் பிடிக்கிறவன் மாட்டினிடமா காரணம் கேட்கிறான்? 1921-ல்தான் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நம் நாட்டிலோ, வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாய் ஒரே பண்ணையில் கிடந்து சாகிற கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல்தான் தனிச் சட்டம் வந்தது.

இவை யாவும் பழைய கதை என்று யாராவது சொல்வார்களானால், அவர்களைக் கொஞ்சம் மேற்கு ஜில்லாக்களின் நூல் மில்கள் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லுகிறோம். ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளை மூன்று வருஷத்துக்கு மில்லிலேயே தங்கி வேலை செய்யச் சேர்த்துக்கொண்டு, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் திட்டம் இந்த நூற்றாண்டில் அங்கே நடந்தது. அதற்கு வைத்த பெயர் 'சுமங்கலித் திட்டம்'. உடம்பு முடியாமலோ, சூபர்வைசர் தொல்லை தாங்காமலோ மூன்று வருஷத்துக்கு முன் விலகின பெண்கள் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. விலகுவதற்குத் தண்டனை என்பது, சட்டப் புஸ்தகத்திலிருந்து அழிந்த பிறகும், கல்யாணப் பட்டுக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தது என்றுதான் இதற்கு அர்த்தம். அசல் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டு, கேட்டால் இழுத்தடிக்கும் கம்பெனிகளும் இதே வகையைச் சேர்ந்தவைகளே.

ஆகவே, பேட்டி அறையில் நம் தோழர் தலை குனிந்ததற்குக் காரணம் அவருடைய குற்றமல்ல. விலகுவது குற்றம் என்று வெகு காலம் தண்டித்து வந்ததன் தழும்பே அது. அமெரிக்காவில் மாதந்தோறும் எத்தனை பேர் தாங்களாகவே வேலையை விட்டார்கள் என்று சர்க்காரே கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். 2021-ம் வருஷத்தில் மாத்திரம் அந்தக் கணக்கு 4 கோடி 70 லட்சத்துக்கு மேல் போயிற்று. அத்தனை பேரும் நன்றி கெட்டவர்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கூலி போதவில்லை, நேரம் ஒத்துவரவில்லை, வேறு நல்ல இடம் கிடைத்தது என்று காரணத்தைத்தான் தேடினார்கள்.

நம் ஊரில் காரணம் தேடுகிற வேலையை ஜோசியனிடம் ஒப்படைத்து விடுகிறோம். வேலை போனால் ஏழரைச் சனி, கிடைத்தால் குருபலம். பேட்டிக்குப் போகிற தேதிக்கு ராகுகாலம் பார்ப்பவர்கள், பேட்டியில் என்ன சொல்லுவது என்று பார்ப்பதில்லை. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி முதல் கொரோனாவுக்காக நாடு முழுவதும் அடைத்துப் போட்டார்களே, அப்போது வேலை இழந்து ஊருக்கு நடந்தே போனவர்கள் எத்தனை லட்சம் பேர்? அத்தனை பேர் ஜாதகத்திலுமா அன்றைக்கு ஒரே நாளில் சனி புகுந்தான்? வேலையிலிருந்து நிறுத்தினவர்கள் ஜாதகத்தில் மாத்திரம் எப்படிப் புகாமல் விட்டான்? ஆலை ஓடவில்லை, கடை திறக்கவில்லை, ஆகையால் ஆள் வேண்டியதில்லை என்பது கண்ணுக்கு நேராய்த் தெரிகிற காரணம். அதை விட்டுவிட்டு "என் நேரம் சரியில்லை" என்று ஒருவன் பேட்டியில் சொல்வானானால், கேட்கிறவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்? இவன் திருடி நிறுத்தப்பட்டானா, ஆர்டர் குறைந்து நிறுத்தப்பட்டானா என்றாவது தெரியுமா? தெரியாத இடத்தில் மனிதர்கள் கெட்டதையே நினைப்பார்கள். அன்றியும், தன் வேலை ஏன் போயிற்று என்று தனக்கே தெரியாதவன், அதே மாதிரி இடத்தில் மறுபடியும் போய் விழுவான்.

இனி, பொய்யைப் பற்றிச் சொல்லுகிறோம். இதில் பிறருக்குப் புத்தி சொல்லுமுன் நம் கதையைச் சொல்லிவிடுவதே யோக்கியம்.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன் நாம் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனைக்கு நின்றோம். 'நின்றோம்' என்பதை உள்ளபடியே அர்த்தம் செய்துகொள்ள வேண்டும். காலை ஒன்பதரைக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணி வரையில் உட்கார ஒரு முக்காலி கிடையாது. கூட்டமில்லாத நேரத்தில் அலமாரியில் சாய்ந்தாலும் சூபர்வைசர் அதட்டுவார். மூன்று வருஷத்தில் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருட்டிக்கொண்டது. விலகிவிட்டோம். அடுத்தபடி ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை கேட்டோம். கடைக்காரர், "அங்க ஏன்டா விட்டே?" என்றார். கால் வலி என்று சொன்னால் நோயாளி என்று தள்ளிவிடுவார் எனப் பயந்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லீங்க, கூட இருந்து பாத்துக்க வேண்டியதாப் போச்சு, இப்ப குணமாயிட்டாங்க" என்றோம். வேலை கொடுத்தார். பொய் பலித்தது என்று நமக்கும் சந்தோஷந்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பழைய கடையில் நம்மோடு நின்ற ஒருவர் ஆணி வாங்க வந்தார். முதலாளி எதிரிலேயே, "கால் எப்படியிருக்கு? அம்மா சௌக்கியமா? அவங்களுக்கென்ன, ஒரு நாள்கூடத் தலைவலின்னு படுத்ததில்லையே!" என்று விசாரித்துவிட்டுப் போனார். முதலாளி நம்மை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறு வருஷம் நம் தாயாருக்கு மெய்யாகவே நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி கேட்டு லீவுக்கு நின்றோம். "உங்க அம்மாவுக்கு எத்தனை தடவைடா உடம்பு சரியில்லாமப் போகும்?" என்று கேட்டுவிட்டுக் கணக்குப் புஸ்தகத்தைப் புரட்டினார். மீறிப் போனால் வேலை போய்விடும் என்ற பயம். கடை அடைத்த பிறகுதான் போய்ப் பார்க்க முடிந்தது. தாயார் பிழைத்துக்கொண்டார். ஆனால், அன்று பகல் முழுவதும் தராசில் ஆணி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்ததை நாம் இன்னும் மறக்கவில்லை. அந்த முதலாளி நம்பவில்லை என்பதற்காக அவர்மேல் நமக்குக் கோபமும் இல்லை. நம்பாதிருப்பதற்கு வேண்டிய காரணத்தை அவர் கையில் கொடுத்தவர்கள் நாம்தானே?

நிற்க, அந்தக் கால் வலி வெட்கப்படத்தக்க விஷயந்தானா? கோழிக்கோட்டு ஜவுளிக் கடைகளில் நின்ற பெண்கள் வருஷக்கணக்காய்ப் போராடியதன் பேரில், கடைச் சிப்பந்திகள் உட்காருவதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று 2018-ல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-ல் அதேபோல் திருத்தம் செய்து, கடைகளில் சிப்பந்திகளுக்கு இருக்கை வைத்தாக வேண்டும் என்றார்கள். எந்தக் காரணத்தைச் சொல்ல நாம் கூசினோமோ, அதே காரணத்தைப் பிற்பாடு இரண்டு சட்டசபைகள் நியாயமென்று ஒப்புக்கொண்டன. "அங்கே பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது, கால் கெட்டது, இங்கே அப்படி இல்லையென்று கேள்விப்பட்டு வந்தேன்" என்று சொல்லியிருந்தால், அந்தக் கடைக்காரர் வேலை கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பார். கொடுக்காவிட்டால், அதுவும் காலை ஒடிக்கிற கடைதான் என்று தெரிந்துகொண்டு வேறு இடம் பார்த்திருக்கலாம். இரண்டிலும் நஷ்டமில்லை.

பொய்க்கு மறுபக்கத்தில் நிற்கிறது திட்டு. "அவன் ஒரு அயோக்கியன் சார், அங்கே மனுஷன் வேலை பார்ப்பானா?" என்று ஆரம்பிக்கிறவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் சொல்வது முழுதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், கேட்கிறவருக்கு அந்த அயோக்கியனைத் தெரியாது. எதிரில் இருக்கிற உங்களைத்தான் தெரியும். நாளைக்குத் தன்னையும் இப்படித்தானே வேறிடத்தில் பேசுவான் என்று அவர் நினைப்பார். "அயோக்கியன்" என்பது உங்கள் அபிப்பிராயம். "மூன்று மாதம் சம்பளம் தரவில்லை" என்பது நடந்த காரியம். அபிப்பிராயத்தை நம்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். நடந்த காரியத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். கேட்கிறவரே அபிப்பிராயத்துக்கு வந்துவிடுவார்.

அந்தக் கேள்வியே கேட்கக் கூடாததா என்றால், நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. காசு கொடுத்து ஆள் வைக்கிறவருக்குச் சில சங்கதிகள் தெரிய வேண்டியது நியாயமே. இவன் பணத்தில் கை வைத்து நிறுத்தப்பட்டானா? நம்மிடமும் ஆறு மாதத்தில் போய்விடுவானா? எங்கே எந்தக் காரணத்துக்காக விட்டானோ, அதே காரணம் நம் கம்பெனியிலும் இருக்கிறதா? கேள்வியை எப்படிச் சுற்றிக் கேட்டாலும் விசாரணை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்படியாகச் சுருக்கமாக, உள்ளதைச் சொல்லிவிட்டால் போதும். ஆட்குறைப்பானால், "இன்ன மாதத்தில் ஆர்டர் குறைந்தது; எங்கள் பிரிவில் இத்தனை பேரை நிறுத்தினார்கள்; நானும் ஒருவன்" என்று சொல்லுங்கள். சம்பளம் போதவில்லையானால், "குடும்பச் செலவுக்குக் கட்டவில்லை" என்று சொல்லுங்கள். சம்பளத்துக்காக வேலை பார்ப்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கேட்கிறவரும் அங்கே சம்பளத்துக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நம் தப்பினாலேயே வேலை போயிருந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. "தினம் தாமதமாய்ப் போனேன், இரண்டு தடவை எச்சரித்தார்கள், கேட்கவில்லை, நிறுத்தினார்கள். அதன்பின் ஒரு வருஷம் வேறிடத்தில் வேலை பார்த்தேன், அங்கே என் வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லுகிறவனுக்கு ஒருவர் கதவை அடைத்தாலும் மற்றொருவர் திறப்பார். தப்பை ஒப்புக்கொள்வதோடு நின்றுவிடாமல், திருந்தினதற்கு ருஜு கொடுப்பதுதான் இதில் முக்கியம். தேதிகளை மாற்றிச் சொல்லித் தப்பிக்கலாம் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லி வைக்கிறோம். பிராவிடண்ட் பண்டில் 2014 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரே எண் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை கம்பெனி மாறினாலும் அந்த எண் கூடவே வரும். சேர்ந்த நாளும் விலகின நாளும் அதில் பதிவாகும். கம்பியூட்டர் கணக்கில் இருக்கிற தேதியை நாக்கினால் அழிக்க முடியாது.

பொய் சொல்லாமலிருப்பது வேறு; கேட்டதற்கெல்லாம் வயிற்றைக் கிழித்துக் காட்டுவது வேறு. இது பெண்கள் விஷயத்தில் மிகவும் முக்கியம். பிரசவத்துக்காக வேலையை விட்ட ஒரு பெண், இரண்டு வருஷம் வீட்டில் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற தோரணையில் பேசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். பிரசவ கால லீவுக்கு இந்நாட்டில் 1961-லேயே சட்டம் உண்டு. 2017-ல் முதல் இரண்டு பிரசவங்களுக்கு அதை 26 வாரமாக உயர்த்தினார்கள். அந்த லீவு கொடுக்கப்படாமல் விலக நேர்ந்திருந்தால், மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்? "குழந்தை பிறந்தது; பார்த்துக்கொள்ள ஆளில்லை; இப்போது ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்று சொன்னால் அதுவே முழுப் பதில். "அடுத்த குழந்தை எப்போது?" என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்லக் கடமையில்லை. அந்தக் கேள்விக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை.

மேலதிகாரியின் கெட்ட நடத்தையால் விலகின பெண்களும் இருக்கிறார்கள். 1997-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும், 2013-ல் தனிச் சட்டமும் வந்து, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் புகார்க் கமிட்டி இருக்க வேண்டும் என்று ஆகியும், பேசாமல் விலகிப் போகிறவர்களே அதிகம். அவர்கள் பேட்டி அறையில் முன்பின் தெரியாத நாலு பேர் எதிரில் நடந்ததையெல்லாம் விவரிக்க வேண்டியதில்லை. "அங்கே வேலை செய்யும் சூழ்நிலை பாதுகாப்பாக இல்லை. என் வேலையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை" என்றால் அது உண்மை, போதுமானதும்கூட. அதற்குமேல் குடைகிறவர் ஆள் எடுக்க உட்காரவில்லை. வம்பு கேட்க உட்கார்ந்திருக்கிறார்.

இதுவரையில் பதில் சொல்லுகிறவர்களைப் பற்றிப் பேசினோம். கேட்கிறவர்களுக்கும் நாலு வார்த்தை சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பொய்யெல்லாம் வேலை தேடுகிறவன் வாயில்தான் பிறக்கிறதென்று எண்ண வேண்டாம். ஆளை வெளியே தள்ளத் தீர்மானித்த பிறகு, "நீயாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, உன் பேர் கெடாது" என்று தேன் தடவிப் பேசி எழுதி வாங்குகிற கம்பெனிகள் எத்தனை? பிறகு அதே ஆளுக்கு, "சொந்தக் காரணத்தை முன்னிட்டு விலகினார்" என்று சர்ட்டிபிகேட் கொடுக்கிறார்கள். மறு கம்பெனிக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அது என்ன சொந்தக் காரணம்?" என்று அவனையே குடைகிறார். பொய்யை எழுதினவர் ஒருவர், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் வேறொருவன்!

ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகிறவனுக்கு நடத்தைச் சர்ட்டிபிகேட் கேட்டு வாங்கச் சட்டப்படி உரிமை உண்டு. அது உண்மையாயும் அவன் பிழைப்பைக் கெடுக்காததாயும் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள முறை. முதலாளிகள் இதற்கு என்ன செய்தார்கள்? தங்களுக்குள் ஒரு பரிபாஷையை உண்டாக்கிக் கொண்டார்கள். "அவர் எப்போதும் முயற்சி எடுத்துக் கொண்டார்" என்று எழுதியிருந்தால், "ஒன்றும் உருப்படியாய்ச் செய்யவில்லை" என்று அர்த்தமாம்! வாங்குகிறவன் புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு போவான். படிக்கிற முதலாளி சிரித்துக்கொள்வார். இம்மாதிரி வித்தைகள் செய்கிற கூட்டத்துக்கு, வேலை தேடி வருகிற ஏழையிடம் மாத்திரம் அரிச்சந்திரனை எதிர்பார்க்க என்ன பாத்தியதை இருக்கிறது?

உண்மையை எதிர்பார்க்கிறவர்கள், உண்மை சொன்னவனைத் தண்டிக்காமல் இருக்க வேண்டும். "சம்பளம் வரவில்லை, விட்டேன்" என்கிறவனைச் சண்டைக்காரன் என்று தள்ளிவிட்டு, "முன்னேற்றத்துக்காக விட்டேன்" என்று ஒப்பிக்கிறவனை எடுத்துக்கொண்டால், அடுத்த தடவை எல்லோரும் அதைத்தான் ஒப்பிப்பார்கள். அப்புறம் "இந்தக் காலத்து ஆட்கள் பொய்யர்கள்" என்று புலம்புவதில் பிரயோஜனம் என்ன? நம் வாசகர்களில் கடை வைத்திருப்பவர்களும், பட்டறை நடத்துகிறவர்களும், பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் எதிரில் ஒருவன் தலை நிமிர்ந்து ஒரு கசப்பான உண்மையைச் சொன்னால், அவன் உங்கள் கல்லாப்பெட்டி விஷயத்திலும் உண்மையே சொல்லுவான் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

வேலை தேடிப் போகிற தோழர்களுக்குக் கடைசியாக ஒன்று. பேட்டி என்பது இருதரப்பு விசாரணை. அவர் உங்களை விசாரிக்கிறது போல் அவரை விசாரிக்க உங்களுக்கும் பாத்தியதை உண்டு. "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று முடிவில் கேட்பார்கள். நம்மவர்கள் "ஒன்றுமில்லை சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படி வராதீர்கள். "இந்த வேலையில் எனக்கு முன் இருந்தவர் ஏன் விலகினார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நேராகப் பதில் சொன்னால், அங்கே சேரலாம். முகம் சிவந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

திருப்பூர்த் தோழர் வருகிற வாரம் மறுபடியும் ஒரு கம்பெனிக்குப் போகிறார். இந்தத் தடவை அந்த ஆறு வார்த்தைகளையே சொல்லுவதென்று தீர்மானித்திருக்கிறார். போகிற நேரம் ராகுகாலமாயிருந்தாலும் சரி என்கிறார். வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்று நாம் ஜோசியம் சொல்லத் தயாராயில்லை. கிடைத்தால், அடுத்த மாதம் அவர் தாயாரைப் பார்க்க லீவு கேட்கும்போது, நம்பிக் கொடுக்கக்கூடிய ஒரு முதலாளியிடம் கிடைத்ததாக இருக்கும்.